எது மோதினாலும் தாங்கும் சுவர்

குடும்பத்தில் அதை இன்றும் 'தகட்டுச் சண்டை' என்றே சொல்கிறார்கள். சமையலறைச் சுவருக்கு டைல்ஸா, எவர்சில்வர் தகடா என்ற வாய்த்தகராறு முற்றி, டைல்ஸ் ஒட்டும் தம்பி தன் அக்காள் கணவரின் மண்டையை உடைத்தான் என்பது அவர்களிடையே பரவலான வரலாறு. மண்டை உடைந்தது உண்மை. காரணம் அதுவல்ல.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒட்டி முடித்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். ஒன்று உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் போதும், தன் சொந்த வேலை என்றும் பாராமல் சுத்தியலால் நொறுக்குவான். உடன் வேலை செய்தவர்கள் 'வெடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காள்தான். அவள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க முடிவானபோது, வேறு எவரையும் அவன் உளியெடுக்க விடவில்லை.

மூவருமாகக் கடைக்குப் போனார்கள். மேடைக்குக் கறுப்புக் கல், அலமாரிக் கதவுகளுக்கு மங்கலான சாம்பல் நிறம் என்று மாமாவே அடுக்கிக்கொண்டு போனார். அடுப்புக்குப் பின்சுவர் என்று வந்தபோது, அக்காள் இளம்பச்சை டைல்ஸ் ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தடவினாள்.

"இது நல்லாருக்குல்லடா?"

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்க்கா."

"டைல்ஸே வேணாம் மாப்ள," என்றார் மாமா. "உங்கக்கா இருக்குற இடத்துல எது உடையாம நிக்குது? தகடு போட்டுரு. மூலை வரைக்கும் போடு. எது போய் மோதினாலும் தாங்கணும்."

"சமையல் ரூமா மாமா, பஸ் டிப்போவா?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காளும் சிரித்தாள். டைல்ஸை எடுத்த இடத்திலேயே ஓசையெழாமல் வைத்தாள்.

மறுநாள் காலை மாமா தகடு வாங்கப் போயிருந்தார். பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டே வந்த தம்பி, மேடை முடிந்து சுவர் திரும்பும் மூலையில் நின்றுவிட்டான். அவன் தோளுக்குச் சற்று மேலே, அக்காளின் நெற்றி உயரத்தில், ஒரு டைல்ஸ் சிலந்திவலைபோல் விரிசல் விட்டிருந்தது. பாத்திரம் பட்டிருந்தால் சில்லுப் பெயர்ந்திருக்கும்; இதில் பளபளப்பு அப்படியே இருந்தது. அகலமான, உருண்டையான ஏதோ ஒன்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடித்து, டைல்ஸ் உள்வாங்கியிருந்தது. விரிசலுக்குள் பழுப்புக் கறை. அதில் ஒட்டிய நீளமான முடி ஒன்று, பாதி நரைத்தது.

"அக்கா, இது என்ன?"

"குக்கர் மூடி தெறிச்சுதுடா."

"என்கிட்டயே கத விடுறியா? நெத்தியக் காட்டு."

அவள் காட்டவில்லை. சில மாதங்களாக முடியை நெற்றிமேல் தழைய வாரிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மொத தடவ பால் பொங்கிடுச்சு," என்றாள். முடியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு தடவ உப்பு. மத்ததெல்லாம் சும்மாதான்."

வாசலில் தகடு உரசும் சத்தம் கேட்டது. மாமா உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, வேலைய விட்டுட்டு அக்காவோட கதையா?"

தம்பி உளியை மேடைமேல் போட்டான். அவர் பிடரியைப் பற்றி இழுத்துவந்து, அந்த விரிசலின்மேலேயே நெற்றியை இடித்தான். டைல்ஸ் பொலபொலவென்று உதிர்ந்தது. இரத்தம் மூக்கு வழியே மேடையில் சொட்டியது. மாமா கையில் அகப்பட்ட உளியால் அவன் முன்கையைக் கிழித்தார். அவரைத் தரையில் தள்ளி, முழங்காலால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, தம்பி சுத்தியலை ஓங்கினான்.

அக்காள் அலறவில்லை. ஓங்கிய கையை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கினாள்.

"விடுக்கா! இன்னையோட முடிச்சுடறேன்!"

"எத முடிப்ப? நீ ஜெயிலுக்குப் போயிடுவ. இந்தாளு படுத்த படுக்கையாக் கெடப்பாரு. மருந்து போட, துணி அலச, இதே வீட்ல நான் கெடக்கணும். அதுக்காடா வந்த?"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. பிறகு தளர்ந்து இறங்கியது.

"எங்கடி போயிடுவ?" என்றார் மாமா, பல்லெல்லாம் சிவக்க. "ரெண்டே நாள். தானா வந்து நிப்ப."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழிந்த கையைத் துண்டால் இறுகக் கட்டி, தம்பியைச் சட்டையோடு பிடித்துப் படியிறக்கினாள்.

"வண்டிய எடு."

"நம்ம வீட்டுக்கா?"

"ஸ்டேஷனுக்கு. அவரு வந்து பேசறதுக்குள்ள நான் பேசணும்."

காவல் நிலையத்தில் அவளே முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். பாலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரியின் பார்வை துண்டில் ஊறிய இரத்தத்துக்குப் போனது.

"இவரு யாரு?"

"என் தம்பி. இன்னைக்கு அவர் தலைய சுவத்துல இடிச்சான். அதையும் எழுதிக்கோங்க."

"அக்கா! என்ன பேசற?"

"பேசாம இரு. இத மறைச்சா, நான் சொன்ன மத்தது எதையும் நம்ப மாட்டாங்க."

அன்று அவனை உள்ளே வைத்தார்கள். அவள் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கையை நீட்டி அவன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள்.