ரோபோவுக்கு வைத்த பொட்டு

கொசுவை ஒழிக்க ரோபோ வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவே குளித்து முழுகி வாசலில் நின்றது.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் சோதனை ஓட்டம். இடுப்பு உயரம், நான்கு சக்கரம், நீண்ட கழுத்து, உச்சியில் கேமரா. தெருவில் தேங்கிய தண்ணீரைக் கண்டால் நின்று, புழு இருக்கிறதா என்று பார்த்து மருந்து அடிக்கும். சரியாக வேலை செய்தால் மழைக்காலம் முழுக்க ராஜபாளையத்தில் இருக்கும். இல்லையென்றால்... ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுமாம். அதெப்படி விடுவது? தேரும் பால்கோவாவும் அவர்களுக்கு இருக்கட்டும். ரோபோவாவது எங்களுக்கு வேண்டாமா?

எல்லோரையும்விட அதிகம் ஆசைப்பட்டவர் எதிர்வீட்டு செல்வி. போன மாதம்தான் அவருடைய மகள் டெங்குவில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். "இது நம்ம தெருவுலயே நிக்கணும் அண்ணாச்சி" என்று என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார்.

கம்பெனி இன்ஜினியர் டீ குடிக்கப் போனார். புது வண்டியைப் பூஜை போடாமல் எடுப்போமா நாம்? செல்வி மாலை போட்டார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். நெற்றியைத் தேடி, உச்சியில் வட்டமாகப் பளபளத்த கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். நாங்கள் கைதட்டினோம்.

அதுதான் கேமரா என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இன்ஜினியர் டீக்கடையிலிருந்தே செல்போனில் ஸ்டார்ட் செய்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மாலையும் கழுத்துமாகக் கிளம்பிய ரோபோ, சாக்கடையைக் கண்டுகொள்ளாமல், திறந்திருந்த என் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, செம்பருத்தியைச் சாய்த்து, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லில் முட்டி நின்றது. பின்னாலேயே தெரு மொத்தமும் ஓடிவந்தது.

ஆட்டுக்கல் குழியில் எத்தனை மாத மழைத் தண்ணீரோ... புழுக்கள் குதியாட்டம் போட்டன. கொசு ஒழிப்பு பற்றி இதே பக்கத்தில் மூன்று வாரம் வகுப்பெடுத்த ஆசாமியின் கொல்லை!

வாராவாரம் கொசுப்புழு பார்க்க வரும் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள ஒண்ணும் இல்லம்மா, கார்டுல எழுதிட்டுப் போ" என்று அனுப்புகிறவன் நான். நீங்களும்தானே? மனிதரை வாசலில் நிறுத்திவிடலாம். கண் தெரியாத இயந்திரத்தை என்ன செய்வது?

செல்வி என்னைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது — அவர் மகளைக் கடித்தது இங்கே பிறந்த கொசுவாக இருந்தால்?

மூச்சிரைக்க வந்த இன்ஜினியர், சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, சோதனை தோல்வி என்று எழுதப் போனார். செல்வி விடவில்லை.

"கண்ணு தெரியாமலே அண்ணாச்சி வீட்டைக் கண்டுபுடிச்சிருச்சு. கண்ணு தெரிஞ்சா இன்னும் எம்புட்டு வீட்டைக் கண்டுபுடிக்கும்? இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க தம்பி."

ஓட்டினார். ரோபோ சாக்கடையோரம் மூன்று இடத்தில் நின்று நிதானமாக மருந்து அடித்தது. பாஸ்! ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்கள் மன்னிக்கவும்.

ஆட்டுக்கல்லை அன்றே நாலு பேர் சேர்ந்து கவிழ்த்தோம். ஒரு பக்கம் பிடித்தவர் செல்வி.

நேற்று கொசுப்புழு பார்க்கும் பெண் வந்தார். ஓடிப்போய் நானே கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே வராமல் நின்று கேட்டார்:

"ரோபோ வந்து முட்டுனாத்தான் கதவு தெறக்குமா அண்ணாச்சி?"