தறிக்குப் பொட்டு வைக்காத கை

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ் ஏறி இராஜபாளையம் போவேன். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்கூடத்தில் வேலை. கணவர் இறந்த பிறகுதான் அந்த வேலைக்கே போனேன். கொஞ்ச காலம் கையாளாக நின்றேன். பிறகு ஒரு தறியை என்னிடமே விட்டார்கள். இழை அறுமுன்பே சத்தம் மாறுவது என் விலாவுக்குத் தெரிந்துவிடும். தறி எங்கே முடிகிறது, நான் எங்கே தொடங்குகிறேன் என்று பிரித்துச் சொல்ல வராத பிழைப்பு அது.

அந்த வருட ஆயுத பூசைக்குத் தறியைத் துடைத்து எண்ணெய் போட்டதும் நான்தான். குங்குமம் எடுத்துப் போனபோது மேஸ்திரியின் மனைவி மறித்தாள்.

"மதினி, செத்த தள்ளி நில்லுங்க. சுமங்கலி யாராச்சும் வைக்கட்டும்."

"வருசம் பூரா நான் தொட்டு ஓட்டுற தறிதானே?"

"ஓட்டுறது வேற, பொட்டு வைக்கது வேற. தறிக்கு ஆகாதுல்லா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "தறிக்கு மாப்பிள பாத்திருக்காவ போல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இரும்புக்கு மாலை விழுந்தது. நான் வாசலோரம் நின்று பொரி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தறியை ஓட்டச் சொன்னார் மேஸ்திரி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நேத்து ஆகாத கை இன்னைக்கு எப்படி ஆகும் அண்ணாச்சி? பொட்டு வச்சவிய வந்து ஓட்டட்டும்."

"சாங்கியத்துக்குச் சொன்னதுக்கா இம்புட்டு ரோசம்? பொழப்பக் கெடுத்துக்காதம்மா."

தாலி இழந்தவர்கள் அங்கே இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு தன் தறியின் சுவிட்சைப் போட்டாள். பிறகு அடுத்தவள். அந்த இரைச்சலில் நான் மேற்கொண்டு பேசியது எனக்கே கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தலையெழுத்து என்றும் சொல்ல மாட்டேன். நின்றது நானாக நின்றதுதான். அதை எந்தச் சாமி தலையிலும் போட முடியாது.

மதியத்துக்குள் என் தறி வேறொருத்தி கையில் ஓடியது. ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. மேஸ்திரி பேசியதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. நான் இல்லாதது அதற்குத் தெரியவே இல்லை.

எனக்குக் கழிவு நூல் கூட்டி அள்ளுகிற வேலை கொடுத்தார்கள். அடுத்த ஆயுத பூசையில் துடைப்பத்துக்கும் பொட்டு வைத்தார்கள். அதையும் வேறொருத்திதான் வைத்தாள்.