ஜாவாஸ்கிரிப்ட் முழுங்காத அரைக் கிலோ

ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமை வேற மொழிக்கு மாத்துறது, லயத்து வீட்டுல ஆள் குடியிருக்கையிலேயே அத்திவாரத்தைத் தோண்டி வேற போடுற வேலைங்க. இந்தப் பாடு பட்டவங்க இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க.

ஹட்டன் பஜார்ல, பேக்கரிக்கு மேல எங்க ஆபீஸ். தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்குற புரோகிராம் செய்வோம். எல்லாத்துக்கும் அடியில ஜாவாங்கிற மொழியில எழுதின ஒரே ஃபிரேம்வொர்க். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தை நடத்துற தொர, இனி பிரவுசர்லதான் ஓடணும்னுட்டாரு. அப்படின்னா ஃபிரேம்வொர்க்கையே ஜாவாஸ்கிரிப்டுக்கு மாத்தணும். அவரு வேணாம்னா ஆபீஸைப் பூட்டிட்டு, கொழும்புல ஏதாவது கடையில நிக்க வேண்டியதுதான்.

கையால

முதல்ல நானே வரி வரியாப் பாத்து எழுதினேன். அடித்தள வேலைங்கிறதால திரையில ஒண்ணும் தெரியாது. எங்க ஆபீஸ் முதலாளி தினம் சாயந்திரம் வந்து வெள்ளைத் திரையைப் பாத்துப் பெருமூச்சு விடுவாரு. கடைசியில சொன்னாரு:

"எத்தனை நாளைக்குத்தான் அடியிலயே கெடப்பீங்க, கொஞ்சம் மேல வந்து ஒரு பட்டனாவது போடுங்க."

கருவியால

அடுத்து, யாழ்ப்பாணத்துலருந்து வந்த எங்க சீனியர் சிவநேசன் சேர். ஒரு மொழியைத் தின்னு இன்னொண்ணாத் துப்புற கருவி ஒண்ணை இன்டர்நெட்டுல எறக்கினாரு. எங்க ஊரு லைன்ல அது எறங்கி முடியிறதுக்குள்ள மழைக்காலமே போயிருச்சு. துப்புனதும் ஓடத்தான் செஞ்சுது. ஆனா புரோகிராமுக்குள்ள நாங்க வச்ச பேருங்களையெல்லாம் ஒத்தை ஒத்தை மொட்டை எழுத்தா ஆக்கிருச்சு, எது எங்க இருக்குன்னே புரியல. கேட்டேன். சேர் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு:

"தம்பி, அது வேலை செய்யுதுதானே, ஏன் செய்யுதெண்டு மட்டும் கேட்கக் கூடாது."

மடுவத்துல

அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி கையாலயே முடிச்சு, அந்தத் தோட்டத்துல கொழுந்து நிறுக்குற கொட்டகையான மடுவத்துல வெள்ளோட்டம் விட்டோம். தராசு கிராம்ல சொல்லும், ஃபிரேம்வொர்க் ஆயிரத்தால வகுத்துக் கிலோவாச் சீட்டு அடிக்கும். இங்கதான் வந்துச்சு வினை. ஜாவா முழு எண்ணை வகுத்தா மிச்சத்தை முழுங்கிரும், ஜாவாஸ்கிரிப்ட் முழுங்காது. இத்தனை வருசமா யாரும் பாக்காத, கொழுந்து எடுக்குறவங்க கூலியில சேராத அரைக் கிலோவும் முக்கா கிலோவும் சீட்டுல வந்து நின்னுச்சு.

தொரைக்கு மூஞ்சி செவந்துருச்சு. புதுசு பிழை, பழைய மாதிரியே ஆக்குங்க, இல்லாட்டி வராதீங்கன்னாரு. முதலாளி என்னையப் பாத்தாரு. ஒரு வரி சேத்தாப் போதும், மிச்சம் மறைஞ்சிரும். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். பிழை பழசுலதான்னு சொல்லிட்டு, அந்த வரியைச் சேக்காமலே கம்ப்யூட்டரை மூடிட்டேன்.

மறுநாள் தொர பழசையே போடச் சொன்னாரு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க ஒருத்தரும் தராசுல கொழுந்தை வைக்கல. முன்னால நின்ன செல்லம்மா அக்கா, நேத்துச் சீட்டை மடியிலருந்து எடுத்து நீட்டிச் சொன்னாங்க:

"புதுசுலயே நிறுங்க தொர, இல்லாட்டி அந்தப் பழசு இத்தனை வருசமாத் தின்னதைக் கக்கச் சொல்லுங்க."

கூடையில கொழுந்து வாடத் தொடங்கவும் தொர புதுசுக்கே தலையாட்டிட்டாரு. பழசைப் பழசு மாதிரியே மாத்தாத ஒரே தகுதியால, எங்க ஆபீஸ் பேக்கரிக்கு மேல பொழைச்சுக் கெடக்குதுங்க.