எடையைத் தள்ளி நின்ற கால்

என் அண்ணிக்குத் தெருவில் ‘ஏணி’ என்றுதான் பெயர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். உயரமான சுவர் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கீழே நின்று அடிக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் ஏணி சரிந்தது. படிகளுக்கு நடுவே வலது பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு முறுக்கிக்கொண்டு விழுந்தது. பக்கத்து கிளினிக்கில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பு உடையல, சுளுக்குதான்” என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகும் அண்ணியால் நுனிக்காலில் நிற்க முடியவில்லை. வலிக்கிறதென்று ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை. என் அண்ணன் சாது, அவர் சொல்லி இவர் கேட்டாற்போலத்தான். கடைசியில் நான்தான் தரதரவென்று எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா பாதத்தின் நடுவில் அழுத்தினார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளங்காலில் நீலம் பாரித்திருந்ததையும் டாக்டரம்மா கவனித்தார்.

“நடுப்பாதத்து மூட்டு விலகியிருக்கும்னு நினைக்கிறேன். அபூர்வமா வர்றது. படுத்து எடுத்தா தெரியாமலே போயிடும். ரெண்டு கால்லயும் நல்லா எடை போட்டு நில்லுங்க, எடுத்துப் பார்ப்போம்.”

நின்று எடுத்த படமும் சுத்தமாக இருந்தது. அண்ணிக்கு வாயெல்லாம் பல். டாக்டரம்மா மட்டும் படத்தையும் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லுங்க. எடையை எந்தக் கால்ல போட்டீங்க?”

சர்க்கரை டப்பாவோடு மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி அண்ணி விழித்தார்.

“நல்ல கால்லதான். படத்துல ஒண்ணுமில்லன்னு வந்தா நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்னு பார்த்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு? யாரை ஏமாத்துறீங்க, எக்ஸ்ரே மெஷினையா?”

“இப்படியே விட்டா பாதத்தோட வளைவு அமுங்கிடும்,” என்றார் டாக்டரம்மா. “அப்புறம் ஏணி என்ன, வாசப்படி ஏறவே வலிக்கும்.”

அண்ணி எழுந்து, நொண்டிக்கொண்டே எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினார். வெளியே நின்ற எனக்கு “அம்மா!” என்ற அலறல் கேட்டது. “அசையாதீங்க” என்றது ஒரு குரல். “அசைய மாட்டேன், சீக்கிரம் எடுப்பா!” என்றார் அண்ணி.

இந்தத் தடவை வலது பாதத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே, இடது பாதத்தில் இல்லாத இடைவெளி பளிச்சென்று தெரிந்தது.

ஆபரேஷனில் எலும்புகளை இடத்தில் சேர்த்து ஸ்குரூ போட்டார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று உத்தரவு. அண்ணி உட்கார்ந்தபடியே வீடு முழுக்க நகர்ந்தார். நான் சிரித்தால் ஊன்றுகோலை என் மேல் எறிவார். ஊன்றலாம் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பப் பழகினார். சரிவார், திட்டுவார், மறுபடி எழும்புவார்.

மாதங்கள் கழித்து டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலும்பு நல்லா இருக்கு. வலி இல்லைன்னா ஏணி ஏறலாம். அந்த ஒத்தக் கால்ல எழும்புங்க, பார்ப்போம்.”

அண்ணி எழும்பினார். முகம் லேசாகச் சுருங்கியது. வலி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே வேலை.

“வலிக்குது டாக்டர்,” என்றார் அண்ணி. “இங்க, நடுவுல. இன்னும் கொஞ்ச நாள் குடுங்க.”

அவர் மறுபடி ஏறிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.