காட்டு லெவலும் அக்காவும்

அக்கா கம்ப்யூட்டரில் விளையாடும் அந்த கேமின் ஐந்தாவது லெவல் ஒரு காடு. திரை முழுக்கக் கருத்த மரங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கு வழிகள். தவறான வழியில் போனால் பிளந்த மரம் ஒன்றின் முன்னால் மறுபடியும் வந்து நிற்போம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இசையில் ஒரு வாத்தியம் குறையும். கடைசியில் காலடிச் சத்தம் மட்டும் மிஞ்சும். அது நம்முடையது அல்ல. பத்து வயதுக்காரியான நான் அக்காவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போய்ட்டமா? போய்ட்டமா?" என்று கேட்டபடி இருப்பேன். அவளுக்குப் பதினைந்து. "இன்னாடி பயம்? வெறும் படம்தான இது?" என்று சிரிப்பாள்.

அந்தத் துணிச்சலை நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கவரத்துச் சித்தி வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திராமல் அவளோடு மலையடி முள்காட்டுக்குள் இறங்கினேன். குறுக்கே நடந்தால் செஞ்சி ரோடு வந்துவிடும் என்றாள். வரவில்லை. ஆட்டுத்தடங்கள் நாலாபக்கமும் பிரிந்தன. எல்லாப் பாறையும் ஒரே பாறையாகத் தெரிந்தது. மலைமேல் செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டால் திசை பிடிக்கலாம். ஆளுயரத்துக்கு மேல் புதர் மறைத்தது. அக்கா துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து ஒரு வேலமரத்தில் கட்டினாள். அரைமணி நடந்தபின், எதிரே அதே துணி ஆடிக்கொண்டிருந்தது. என் கைக்குள் அவள் கை சில்லிட்டது.

"நீ இங்கயே ஒக்காரு. கண்ண மூடிக்கினு நூறு எண்ணு. வழி பாத்துட்டு வந்துட்றேன்."

எண்ணினேன். நூறு முடிந்தும் அவள் வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து, இன்னும் உரக்க. எத்தனை நூறு என்று தெரியாது. பின்னால் ஏதோ சருகை மிதித்தது. கண்ணைத் திறக்கவில்லை; தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை. பிறகு அவள் கை என் தோளில் விழுந்தது. இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா அதன்பின் அந்த கேமைத் தொடவே இல்லை. அவள்தான் என்னைக் காப்பாற்றினாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இன்று சென்னையில் கேம்களுக்கு லெவல் வடிவமைப்பது என் வேலை. போன மாதம் ஒரு காட்டை வரைந்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. எடுத்ததும் சொன்னாள்.

"அன்னிக்கி ரோடு சீக்கிரமே கெடச்சிடுச்சிடி. பஸ்ஸு வந்துச்சி. ஏறிட்டேன். திரும்பி உள்ள வர அவ்ளோ பயம். கொஞ்ச தூரம் போய்தான் எறங்கினேன். வந்தா, வழி தெரியல. நீ கத்தி எண்ணிக்கினு இருந்த பாரு, அத வெச்சித்தான் வந்தேன்."

நான் மட்டும் வாயை மூடியிருந்தால்? மனதுக்குள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

"இருக்கியாடி?" என்றாள்.

"இருக்கேங்கா" என்றேன்.