அக்காவுக்காக நான் திருப்பிய அட்டை

மலேசியாவில் அலோர் ஸ்டாருக்கு வெளியே, வயதானவர்கள் தனித்தனி வீடுகளில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வாழும் குடியிருப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். எழுந்து நலமாக இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக, காலை எட்டு மணிக்குள் அதைப் பச்சைப் பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்பாத வீட்டைப் பராமரிப்பாளர் சாந்தி வந்து தட்டிப் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா தாமதமாக எழுபவர். "அந்தப் பொண்ணு தட்டித் தட்டியே தூக்கம் கெடுது. நீ நடக்கப் போறப்ப என்னோடதையும் திருப்பி விட்டுடு லா" என்றார். இதில் என்ன தப்பு என்று நானும் தினமும் திருப்பி வந்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பசாரில் அக்காவுக்கும் மீன் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினேன். உள்ளே முனகல் சத்தம். நான் கத்தியதும் சாந்தி சாவியோடு ஓடி வந்தாள். குளியலறைத் தரையில் அக்கா கிடந்தார். விடியற்காலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"அட்டை பச்சையா இருந்திச்சே!" என்று சாந்தி அழுதாள்.

அக்கா என் கையைப் பிடித்தார். "நீ அட்டையத் திருப்புன சத்தம் கேட்டுச்சி. கூப்பிட்டேன். நீ போயிட்ட."

அவரைத் தேடி யாரும் வராமல் செய்தது என் கைதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா ஊன்றுகோலோடு நடக்கிறார். இப்போது யார் கேட்டாலும் அடுத்தவர் அட்டையை நான் தொடுவதில்லை. காலையில் அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிறேன். "உயிரோடதான் இருக்கேன், போ லா!" என்று அவர் எரிந்து விழுந்த பிறகுதான் நடக்கப் போகிறேன்.