மூன்றாவது வரிசையில் கேட்டது

கணவர் இறந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோதும் அழவில்லை, தைக்காட்டு மயானத்திலிருந்து ஆண்கள் தலை ஈரத்தோடு திரும்பி வந்தபோதும் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையோ எதிர்பார்த்து வந்து, அது கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். மாடிவீட்டு அம்மா மட்டும் நேராகவே சொன்னாள்: "ஒரு தடவ வாய்விட்டு அழுதிருங்கோ, நெஞ்சில வச்சிருக்கக் கூடாது." வைத்திருந்தால்தானே எடுக்க முடியும். பதினாறு முடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். பசித்தால் சாப்பிட்டேன், தூக்கம் வந்தால் தூங்கினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்று இருந்தது ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்தாள். அவள் மகள் பியானோ படிக்கிறாள். அந்த டீச்சர் ஒரு கச்சேரிக்கு வாசிக்கப் போகிறாராம், மூன்று பாஸ் கொடுத்திருக்கிறார். மகளுக்கு டியூஷன்.

"பாஸ் வீணாப் போகுதுக்கா. நீ வா. சும்மா உக்காந்துட்டு வரலாம், கேட்டியா?"

சும்மா உட்காருவது எனக்கு அப்போது நன்றாக வரும். சரி என்றேன்.

பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹால். மழை பெய்து விட்டிருந்தது, வாசலில் குடைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் எங்களுக்கு இடம். தங்கைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் உட்கார்ந்தார். சாலை பஜாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், எங்கேயும் சத்தமாகப் பேசியே பழக்கம். கையில் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் எட்டிக் கேட்டார்.

"மதினி, கவுண்டர்டெனர்னு போட்டிருக்கே, அது என்னது? டிக்கெட் கவுண்டர் மாதிரியா?"

"தெரியல" என்றேன்.

பியானோ டீச்சர் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே பாடுகிறவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கறுத்து, நல்ல உயரம், அகன்ற தோள், அடர்ந்த தாடி. ஜெர்மன் மொழிப் பாட்டு என்றும், மாலை நேரத்தில் ஒரு தோட்டத்தில் நின்று, போய்விட்ட ஒருத்தியைக் கூப்பிடுகிற பாட்டு என்றும் டீச்சர் இரண்டு வரியில் சொன்னார். பியானோ கொஞ்சம் போனது. அவர் வாயைத் திறந்தார்.

வந்தது பெண் குரல்.

தங்கையின் கணவர் மேடை ஓரத்துத் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டுமல்ல, முன்வரிசைகளில் நாலைந்து தலைகள் திரும்பின. எங்கோ ஒளிந்து நின்று ஒருத்தி பாடுகிறாள் என்றுதான் எல்லோரும் தேடினார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக மேடைக்குத் திரும்பியது. அந்தத் தாடிக்குள்ளிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு காலேஜ் பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஒருவர் "அய்யே" என்றார். ஒரு பெரியவர் காதிலிருந்த மெஷினைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு குடும்பம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனது. ஓரத்தில் ஒரு கன்னியாஸ்திரீ கண்ணை மூடி அப்படியே இருந்தார்.

தங்கையின் கணவருக்கு அடக்க முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடே இது, ஆம்பளையா பாடுகான்?" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். தங்கை அவர் தொடையில் கிள்ளினாள்.

நான் பாடுகிறவரின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலர் பட்டன் மேலே அது ஏறி இறங்கியது. நல்ல குரலா, கெட்ட குரலா, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் அந்தப் பெண்களின் தோள்கள் குலுங்கின. பின்னாலிருந்து பார்த்தால் சிரிக்கிறவர்களும் அழுகிறவர்களும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகளும் இப்படித்தான் இருந்தன. அதை நினைத்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும் என்று நினைவு வந்தது.

பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

மேடை விளக்கு, ஃபேன், எல்லாம் நின்றுவிட்டன. ஜன்னல்களில் கனத்த திரை போட்டிருந்ததால் ஒரே இருட்டு. பியானோ ஒரு இடத்தில் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. யாரோ போனில் டார்ச் அடித்தார்கள். "ஓஃப் செய்யூ" என்று பின்னாலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் அதட்டினாள். டார்ச் அணைந்தது.

அவர் பாடிக்கொண்டே இருந்தார். இப்போது தாடி இல்லை, தோள் இல்லை, ஆண் இல்லை, பெண் இல்லை. இருட்டுக்குள் ஒரு குரல் மட்டும் மேலே போய், அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இருமல்கூட இல்லை. மழை மறுபடி தொடங்கியிருப்பது அப்போதுதான் கேட்டது.

தங்கை என் கையைப் பிடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் கனமாக மூச்சு வாங்கும் சத்தம் வந்தது.

நான் எனக்குள் தேடிப் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தை விரலால் அமுக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரி. கன்னம் அங்கேதான் இருக்கிறது, விரலும் படுகிறது, ஆனால் யாருடைய கன்னமோ போல இருக்கும். குரல் என்மேல் பட்டது எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி சுரம் முடியும்போது ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துப்பட்டாப் பெண்களில் ஒருத்திக்குக் கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது. மற்றவள் அதைப் பார்த்துச் சிரித்தாள், அவளும் சிரித்தாள். பிறகு கைதட்டல். தங்கையின் கணவர் கைதட்டாமல், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "வேர்த்துக் கொட்டுது" என்றார். ஃபேன் நின்றிருந்தது உண்மைதான்.

இன்னும் சில பாட்டுகள் பாடினார். முடிந்ததும் வராந்தாவில் டீயும் பழம்பொரியும் வைத்திருந்தார்கள். பாடினவர் கையில் கப்போடு வந்து நின்றார். செட்டுமுண்டு உடுத்த ஒரு மலையாளத்து அம்மா நேராகப் போய், அது அவருடைய சொந்தக் குரல்தானா என்று கேட்டாள்: "மோனே, இது நின்றெ சொந்தம் சப்தம் தன்னெயாணோ?"

"அதே அம்மே" என்றார் அவர். அந்தப் பேச்சுக் குரல் கட்டையாக, கனமாக இருந்தது. லாரி ஓட்டுகிறவர்களின் குரல் மாதிரி. அந்த அம்மா ஒரு அடி பின்னால் வைத்தாள்.

டீச்சர் எங்களை அறிமுகப்படுத்தினார். தமிழ் என்று தெரிந்ததும் அவர் தமிழுக்கு மாறினார். அப்பாவும் அம்மாவும் போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களாம். இவர் பட்டணத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்து, சர்ச் பாட்டுக்குழுவில் சேர்ந்து, அதன்பின் வெளிநாடு போனவர்.

தங்கையின் கணவர் செருமிக்கொண்டார். "தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. நான் முதல்ல சிரிச்சிட்டேன்."

"தெரியும் சார். மூணாவது வரிசை."

"பாத்துட்டீங்களா?"

"மேடையிலருந்து எல்லாம் தெரியும் சார்." கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்க போனாலும் முதல் பாட்டுக்கு யாராச்சும் சிரிப்பாங்க. எங்கப்பாவே சிரிச்சாரு. ஒன்பதாம் கிளாஸ்ல எனக்குத் தொண்டை உடைஞ்சுது. எல்லாப் பயலுக்கும் உடையும்ல. நான் மட்டும் மேல பாடுறத விடல. விட்டிருந்தா போயிருக்கும்."

தங்கை அவரைப் பார்த்து, ரொம்ப நன்றாக இருந்தது, தாங்க முடியவில்லை என்றெல்லாம் சொன்னாள். மறுபடி கண் கலங்கியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பிடி இருந்துச்சும்மா?"

"எனக்கு ஒண்ணும் தோணல" என்றேன்.

தங்கை பதறிவிட்டாள். "அது வேற ஒண்ணுமில்ல, அத்தான் போயி இப்பத்தான்... அக்கா அதுலருந்து ஒரு மாதிரி..."

என் கணவரை இப்படி ஒரு சமாதானமாக எடுத்து நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்ததே அன்றைக்கு எனக்குப் புதிதாக இருந்தது. பாடினவர் கப்பைக் கீழே வைத்தார்.

"சிரிச்சவங்ககிட்ட என்ன சொல்லணும்னு தெரியும். அழுதவங்ககிட்டயும் தெரியும். இப்பிடி யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா இருட்டுல எழும்பிப் போகாம உக்காந்திருந்தீங்களே."

"வாசல் எந்தப் பக்கம்னு தெரியல."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வாசல் தெரியவில்லை. ஆனாலும் அவர் சிரித்தது எனக்குச் சங்கடமாக இல்லை.

காரில் போகும்போது தங்கையின் கணவர் அந்த உயரத்துக்குத் தானும் பாடிப் பார்த்தார். கம்பி கிறீச்சிடுவது போல ஏதோ வந்தது. "பேசாம வண்டிய ஓட்டுங்க" என்றாள் தங்கை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து, அடுக்களைக் குழாய் ஒழுகியதால் புதுக் குழாய் வாங்கத் தங்கை கணவரின் கடைக்குப் போனேன். சாலையில் காலை நேரக் கூட்டம், தெருவை அடைத்துக்கொண்டு லாரி. கடைக்குள்ளிருந்து அதே மாதிரி ஒரு குரல் வந்தது. போனில் தேடித்தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பாடினவர் இல்லை, வேறு யாரோ வெளிநாட்டுக்காரர்.

"தினமும் போடுறேன் மதினி" என்றார். "பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வாறான். சவத்த நிறுத்துடேங்கான்."

சிமெண்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுமட்டுக்காரர் உள்ளே வந்தார். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏது சேச்சியா இது பாடுந்நது?"

"சேச்சியில்ல. சேட்டன்" என்றார் தங்கையின் கணவர், ஏதோ தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

சுமட்டுக்காரர் நம்பவில்லை. கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டு, மூட்டையோடு நின்று கேட்டார். சிமெண்ட் தூள் அவர் புருவத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"எறக்கி வச்சிட்டுக் கேளும் ஓய்!"

அவர் இறக்கவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே போய் மூட்டையைப் போட்டார். தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி, நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டி, "கொள்ளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

தங்கையின் கணவர் குழாயைப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கிளம்பியிருக்கலாம். ஸ்டூல் ஒன்று காலியாக இருந்தது, உட்கார்ந்தேன்.

"அதையே இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் போட்டுவிட்டு, ஆணி கேட்டு வந்தவருக்கு எடை போடப் போனார்.